புகையில் போவதும் சாம்பலில் தங்குவதும்: நிலக்கரியின் நச்சுத் தனிமங்களைக் கனிமங்கள் என்ன செய்கின்றன?

500 மெகாவாட் அலகு ஒன்று இந்திய நிலக்கரியைக் கொண்டு முழு வீச்சில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 8,000 டன் எரிக்கும். உலக நிலக்கரிகளின் சராசரிப்படி ஒரு டன்னில் ஆர்செனிக் 8 கிராம் அளவில் இருக்கும். ஈயமும் ஏறக்குறைய அவ்வளவே. செலீனியம் ஒன்றரை கிராம், பாதரசம் 0.1 கிராம். டன் கணக்கில் பார்த்தால் அற்பம்தான். ஆனால் 8,000 டன்னுக்குப் பெருக்கினால், ஒரே நாளில் 64 கிலோ ஆர்செனிக்கும் 800 கிராம் பாதரசமும் ஒரு கொதிகலனுக்குள் போகின்றன. தனிமங்கள் எரித்தாலும் அழிவதில்லை. உலையின் அடியில் விழும் சாம்பலிலோ, புகையோடு பறந்து தூசிப்பிடிப்பானில் சிக்கும் சாம்பலிலோ, புகைபோக்கி வழியே காற்றிலோ அவை இருந்தே தீரும்.

எதில் எவ்வளவு போகும் என்பதை எது தீர்மானிக்கிறது? நிலக்கரியில் அந்தத் தனிமம் எவ்வளவு இருந்தது, உலை எவ்வளவு சூடு என்ற இரண்டையும்தான் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் தேவை, இரண்டும் போதாது. ஒரே அளவு ஆர்செனிக் உள்ள இரண்டு நிலக்கரிகளை ஒரே உலையில் எரித்தாலும் புகையில் போகும் பங்கு வேறுபடலாம். நிலக்கரியோடு சேர்ந்தே வரும் களிமண், சுண்ணாம்புக்கல், பைரைட் போன்ற கனிமங்கள் அங்கே குறுக்கிடுகின்றன. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: எல்லா நஞ்சையும் பிடிக்கும் கனிமம் என்று ஒன்று கிடையாது. ஒன்றைப் பிடிக்கும் கனிமம் இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது. ஆகவே 'சாம்பல் இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு நிலக்கரியின் ஆபத்தை எடைபோட முடியாது.

எந்தத் தனிமம் எங்கே குடியிருக்கிறது

நிலக்கரிக்குள் நச்சுத் தனிமங்கள் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஆர்செனிக்கும் பாதரசமும் பெரும்பாலும் பைரைட் எனப்படும் இரும்பு சல்ஃபைடில் ஒளிந்திருக்கும். காட்மியத்துக்குத் துத்தநாக சல்ஃபைடு உறைவிடம். ஈயம் தன் சல்ஃபைடான கலினாவிலும், சில நிலக்கரிகளில் செலீனியத்தோடு சேர்ந்த கனிமமாகவும் காணப்படும். செலீனியத்தின் ஒரு பகுதி பைரைட்டில் இருக்கும். கணிசமான பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும். குரோமியம் இல்லைட் போன்ற களிமண் கனிமங்களிலும் கரிமப் பகுதியிலும் பங்கு பிரிந்து கிடக்கும். ஆஸ்திரேலியாவின் டால்வே ஸ்வெய்ன், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஃபிங்கெல்மன் ஆகியோரின் நெடுங்கால உழைப்பில் உருவான படம் இது. ஸ்வெய்ன் 1990இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் கைநூலாகப் பயன்படுகிறது.

குடியிருக்கும் இடம் ஏன் முக்கியம்? கரிமப் பொருளில் இருக்கும் தனிமம், கரி எரியத் தொடங்கியதுமே வெளியேறும். பைரைட்டில் இருப்பது, பைரைட் சிதையும்போது கந்தகத்தோடு சேர்ந்து வெளியேறும். களிமண்ணின் படிகச் சட்டத்துக்குள் இருப்பதோ பெரும்பாலும் அங்கேயே கிடந்து சாம்பலாகும். இந்த வேறுபாட்டைத்தான் நெதர்லாந்தின் ரூட் மெய் போன்றோர் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஆவியாகாமல் சாம்பலில் சமமாகப் பரவுபவை ஒரு வகுப்பு. மாங்கனீசு இதில் சேரும். உலையில் ஆவியாகி, குளிரும் வழியில் நுண்சாம்பலில் படிபவை இன்னொரு வகுப்பு. ஆர்செனிக், ஈயம், காட்மியம் இங்கே வரும். குளிர்ந்த பின்னும் பெருமளவு வாயுவாகவே போவது மூன்றாவது; பாதரசம் இதன் தலைவன். செலீனியம் இரண்டாம் மூன்றாம் வகுப்புகளுக்கு நடுவே ஊசலாடும்.

1990இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம் 189 நச்சுக் காற்று மாசுகளைப் பட்டியலிட்டது. ஆன்டிமனி, ஆர்செனிக், பெரிலியம், காட்மியம், குரோமியம், கோபால்ட், ஈயம், மாங்கனீசு, பாதரசம், நிக்கல், செலீனியம் என நிலக்கரியில் காணப்படும் பதினொரு தனிமங்கள் அதில் இடம்பெற்றன. ஆய்வுகள் வேகமெடுத்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

உலையிலிருந்து புகைபோக்கி வரை

மின்நிலையத்தில் நிலக்கரியைக் கட்டியாகப் போடுவதில்லை. அரைவை ஆலையில் பெரும்பகுதி 75 மைக்ரானுக்கும் கீழே போகும்படி மாவாக்கி, காற்றோடு ஊதுகிறார்கள். சுடரின் வெப்பம் 1,400 முதல் 1,600 டிகிரி செல்சியஸ். ஓரிரு நொடிகளில் கரி எரிந்துவிடும். அரைக்கும்போதே சில கனிமத் துகள்கள் கரியிலிருந்து தனியே பிரிந்துவிடுகின்றன. சில கரித்துகளுக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. புதைந்தவை எரியும் கரியின் சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டுகின்றன. பிரிந்த பைரைட் துகள்கள் வெடித்துச் சிதறுகின்றன.

அதன்பின் புகை குளிரத் தொடங்குகிறது. குழாய்க் கட்டுகளைக் கடந்து, கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடேற்றும் எக்கனாமைசரை விட்டு வரும்போது 350 டிகிரி அளவுக்கும், காற்றுச் சூடேற்றியைத் தாண்டியபின் 130 முதல் 150 டிகிரிக்கும் இறங்கிவிடும். மேலே ஆவியான ஆர்செனிக் ஆக்சைடும் ஈயக் குளோரைடும் இந்த இறக்கத்தில் எங்காவது ஒரு பரப்பைத் தேடிப் படிய வேண்டும். கனிமம் எதுவும் வேதிவினையில் பிடித்து வைக்காவிட்டால், அவை எடைக்குப் பரப்பு அதிகமுள்ள மிக நுண்ணிய துகள்களில்தான் போய் ஒட்டும். 1974இல் டேவிட் நாட்டுஷும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் காட்டியது இதைத்தான்: நிலக்கரிச் சாம்பலில் துகள் சிறுக்கச் சிறுக்க நச்சுத் தனிமங்களின் செறிவு ஏறுகிறது. ஈ.எஸ்.பி. எனப்படும் மின்தூசிப்பிடிப்பான் தவறவிடுவதும் ஒரு மைக்ரானை ஒட்டிய இந்தத் துகள்களைத்தான். நுரையீரலின் ஆழத்துக்குப் போவதும் அவைதான். எனவே கனிமம் செய்யக்கூடிய பேருதவி, ஆவி நுண்துகளில் படிவதற்கு முன்பே சூடான கட்டத்தில் அதை வேதிப்பிணைப்பில் பெரிய துகளுக்குள் இழுத்துக்கொள்வது.

களிமண்: ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பொறி

இதில் கயோலினைட் முன்னணியில் நிற்கிறது. பீங்கான் செய்யும் வெண்களிமண்ணின் முதன்மைக் கனிமம் அது. 450 முதல் 600 டிகிரிக்குள் தன் படிகத்திலுள்ள நீரை இழந்து, ஒழுங்கு குலைந்த மெட்டாகயோலினாக மாறுகிறது. அப்போது அலுமினியம் அமர்ந்திருக்கும் இடங்கள் வினைக்குத் திறந்துகொள்கின்றன. ஈய ஆவி அங்கே வந்தால் ஈய அலுமினோசிலிகேட் உருவாகும். அது நீரில் கரையாது. மழை பெய்தாலும் எளிதில் கசியாது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மோகித் உபராய், ஃபர்ஹாங் ஷட்மன் இருவரும் 1990 வாக்கில் பல கனிமங்களை வரிசையாகச் சோதித்தபோது ஈயத்துக்குக் கயோலினைட்டும் காட்மியத்துக்குப் பாக்சைட்டும் சிறப்பாக வேலை செய்தன. அலுமினாவும் சிலிக்காவும் தனித்தனியே செய்வதைவிட இரண்டும் இணைந்த அமைப்பு ஈயத்தை நன்றாகப் பிடித்தது.

இதிலும் எல்லைகள் உண்டு. 1,000 டிகிரியைத் தாண்டினால் மெட்டாகயோலின் இறுகி முல்லைட்டாக மாறத் தொடங்கும். இன்னும் சூடேறினால் உருகிக் கண்ணாடியாகி, நுண்துளைகள் அடைபட்டு, வினைக்கான பரப்பு சுருங்கும். சோடியம் மிகுந்த நிலக்கரியாக இருந்தால் அந்த இடங்களுக்குச் சோடியமும் போட்டிக்கு வரும். குளோரின் கூடினால் ஈயமும் காட்மியமும் குளோரைடுகளாகி இன்னும் எளிதில் ஆவியாகும். களிமண்ணின் பிடியும் தளரும். ஆய்வகத்தில் ஒரு கனிமம், ஒரு உலோகம், தூய வாயு என்று வைத்துப் பெறும் நல்ல எண்களைக் கொதிகலனுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாததற்கு இவையே காரணம்.

சுண்ணாம்பு: ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது

ஆர்செனிக் விஷயத்தில் களிமண்ணைவிடச் சுண்ணாம்பு பலமடங்கு மேல். சூட்டில் சுண்ணாம்புக்கல் சுட்டசுண்ணாம்பாகிறது. ஆர்செனிக் ஆக்சைடு அதோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து கால்சியம் ஆர்செனேட் ஆகிறது. ஏறக்குறைய 1,000 டிகிரி வரை இந்தப் பிடிப்பு நிகழ்வதை ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1990களில் நுணுக்கமாக அளந்தது. செலீனியத்தையும் சுண்ணாம்பு பிடிக்கும். ஆனால் அதற்கான வெப்பப் பட்டை குறுகியது, 400 முதல் 600 டிகிரி வரை. அதற்கு மேல் கால்சியம் செலீனைட் சிதைந்து செலீனியத்தை மீண்டும் விட்டுவிடும். ஆக, ஒரே சுண்ணாம்பைக் கொதிகலனில் எந்த இடத்தில் தூவுகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த நஞ்சு சிக்கும் என்பது அமைகிறது.

சுண்ணாம்பின் ஆற்றலை ஆய்வகத்துக்கு வெளியே நிரூபித்தவை மேற்கு ஜெர்மனியின் மின்நிலையங்கள். 1980களில் அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க எஸ்.சி.ஆர். என்னும் வினையூக்கிக் கலங்களைப் பொருத்தினார்கள். சாம்பலை உருக்கிக் குழம்பாக வெளியேற்றும் வகைக் கொதிகலன்களில், பிடிபட்ட பறக்கும் சாம்பலைத் திரும்ப உலைக்கே அனுப்பி உருக்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சாம்பலில் படிந்திருந்த ஆர்செனிக் மறுபடி ஆவியாகி, மறுபடி படிந்து, சுற்றுக்குச் சுற்று செறிந்தது. வினையூக்கியின் துளைகளில் ஏறி அதைச் செயலிழக்கச் செய்தது. நிலக்கரியோடு சிறிதளவு சுண்ணாம்புக்கல்லைக் கலந்ததும் வாயுநிலை ஆர்செனிக் இறங்கியது. வினையூக்கிகளின் ஆயுள் நீண்டது. சுற்றுச்சூழல் விதி எதுவும் அதைக் கேட்கவில்லை. விலையுயர்ந்த கருவியைக் காப்பாற்றும் கவலைதான் அதைச் செய்ய வைத்தது.

இனிச் சுண்ணாம்பின் மறுபக்கம். முதல் சிக்கல் கந்தகம். புகையில் கந்தக டையாக்சைடு ஆர்செனிக்கைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். சுண்ணாம்பை அது முந்திக்கொண்டு கால்சியம் சல்ஃபேட்டாக்கித் துளைகளை அடைத்துவிடும். இரண்டாவது சிக்கல் இன்னும் கடுமை. குரோமியம் நிலக்கரியில் பெரும்பாலும் மூன்று இணைதிறன் நிலையில், ஒப்பளவில் தீங்கு குறைந்ததாக இருக்கிறது. ஆக்சிஜனும் சுட்டசுண்ணாம்பும் சேர்ந்த சூழலில் அதன் ஒரு பங்கு கால்சியம் குரோமேட்டாக, அதாவது ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. அது புற்றுநோய் உண்டாக்குவது. தண்ணீரில் எளிதில் கரைவது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஹக்கின்ஸ் போன்றோர் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறையில் சாம்பலைச் சோதித்தபோது, பிட்டுமினஸ் நிலக்கரிச் சாம்பலில் ஆறு இணைதிறன் பங்கு சொற்பமாகவும், சுண்ணாம்பு மிகுந்த இளம் நிலக்கரிகளின் சாம்பலில் கூடுதலாகவும் தெரிந்தது. ஆர்செனிக்குக்குத் தீர்வாக வந்த அதே கனிமம் குரோமியத்துக்குத் தூண்டுகோலாகிறது.

இரும்பும் பாதரசமும்

ஆர்செனிக்கைச் சுமந்து வரும் பைரைட் எரிந்து இரும்பு ஆக்சைடாகிறது. அந்த ஆக்சைடே, சற்று முன் தான் விட்ட ஆர்செனிக்கை மீண்டும் பிடிக்கவும் செய்கிறது. ஜோஸ்ட் வென்ட், வேய்ன் சீம்ஸ் இருவரும் பல அமெரிக்க நிலக்கரிகளை எரித்து ஒப்பிட்டதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. வினைக்குக் கைகொடுக்கும் கால்சியம் போதிய அளவில் இருந்தால் ஆர்செனிக் அதை நாடுகிறது. கால்சியம் குறைவான நிலக்கரிகளில் இரும்போடு சேர்கிறது. இங்கே கணக்கில் வருவது சாம்பலின் மொத்தக் கால்சியமோ இரும்போ அல்ல. கண்ணாடிக்குள் புதைந்துபோகாமல் துகளின் மேற்பரப்பில் வெளிப்பட்டு நிற்கும் பங்குதான்.

பாதரசம் மட்டும் இந்தப் பட்டியலில் அடங்காது. களிமண்ணும் சுண்ணாம்பும் தனிமநிலைப் பாதரசத்தை ஏறக்குறையக் கண்டுகொள்வதில்லை. அதைப் பிடிப்பது சாம்பலில் எரியாமல் மிஞ்சும் கரித்துகள். குளோரினோ புரோமினோ பாதரசத்தை ஆக்சிஜனேற்றினால் அது நீரில் கரையும் வடிவம் பெற்று, கந்தக நீக்கக் கலத்திலும் சிக்கும். இந்த மாற்றத்துக்கு இரும்பு ஆக்சைடுகள் வினையூக்கியாக உதவுகின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் காற்றில் சேரும் பாதரசத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரி எரிப்பிலிருந்து வருகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அனல்மின் நிலையங்களைத் தனியே குறிப்பிடுவதற்கு இதுவே காரணம்.

குய்சோவின் அடுப்புகள்

கொதிகலனை விட்டு வீட்டுக்குள் வந்தால் கனிமங்களின் இரட்டை வேடம் இன்னும் கண்கூடு. தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில் குளிரும் ஈரமும் மிகுந்த இலையுதிர்காலத்தில், மிளகாயையும் சோளத்தையும் வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத நிலக்கரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அங்குள்ள சில சுரங்கங்களின் நிலக்கரியில் ஆர்செனிக் ஒரு கிலோவுக்கு 35,000 மில்லிகிராம் வரை இருந்தது. அது பூமிக்கடியில் பொன் கனிமங்களைப் படிய வைத்த அதே வெந்நீர்க் கரைசல்கள் கொண்டுவந்த ஆர்செனிக். பச்சையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்த மிளகாய், உலர்ந்து இறங்கும்போது 500 மில்லிகிராமைத் தாண்டியது. 1999இல் ஃபிங்கெல்மன், ஹார்வி பெல்கின், செங் பாவ்ஷான் மூவரும் வெளியிட்ட ஆய்வு, மாகாணத்தில் குறைந்தது 3,000 பேர் கடும் ஆர்செனிக் நச்சுக்கு ஆளானதாகச் சொன்னது.

அதே பகுதியில் பல்லும் எலும்பும் கெடும் ஃபுளூரோசிஸ் இன்னும் பரவலாக, ஒரு கோடிக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. முதலில் பழி நிலக்கரிமேல் விழுந்தது. பிந்தைய ஆய்வுகள் வேறு குற்றவாளியைக் காட்டின. தூள் நிலக்கரியை உருட்டிக் கட்டியாக்க மக்கள் அதில் உள்ளூர்க் களிமண்ணைப் பிசைவார்கள். அந்தக் களிமண்ணில்தான் ஃபுளூரின் மிகுதி. கொதிகலனில் ஈயத்துக்குப் பொறியாகும் களிமண், இங்கே நஞ்சின் ஊற்றானது. கலவையில் சுண்ணாம்பு சேர்த்தபோது ஃபுளூரினின் ஒரு பகுதி கால்சியம் ஃபுளூரைடாகச் சாம்பலில் தங்கியது. ஒரு கனிமம் உண்டாக்கிய கேட்டை இன்னொரு கனிமத்தால் ஓரளவு திருத்த முடிந்திருக்கிறது.

இந்திய நிலக்கரிகளை இந்தக் கண்ணால் பார்த்தால்

இந்தியாவில் எரியும் நிலக்கரிகளைக் கனிமக் கண்ணோட்டத்தில் மூன்றாகப் பிரிக்கலாம். தால்சர், சிங்ரௌலி போன்ற கோண்ட்வானா வயல்களின் நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம். கந்தகம் அரை சதவீத அளவே. சாம்பலில் குவார்ட்ஸும் கயோலினைட்டிலிருந்து வந்த அலுமினோசிலிகேட்டும் நிறைந்திருக்கும், சுண்ணாம்பு சொற்பம். களிமண் தாராளமாக இருப்பது ஈயம், காட்மியத்துக்கு நல்லது. பைரைட் குறைவு என்பதால் ஆர்செனிக்கும் பொதுவாக அதிகமில்லை. இருக்கும் ஆர்செனிக்கையும் செலீனியத்தையும் கட்டிப்போடச் சுண்ணாம்பு போதாது. குளோரின் குறைவு என்பதால் பாதரசம் தனிமநிலையிலேயே புகைபோக்கியைத் தாண்டும் வாய்ப்பு கூடுதல்.

மேகாலயா, அசாம் நிலக்கரி நேரெதிர்: சாம்பல் குறைவு, கந்தகமும் பைரைட்டும் மிகுதி. சாம்பல் சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது உயர்ந்த சரக்கு. பைரைட்டோடு வரும் தனிமங்களைப் பார்ப்பவருக்கு எச்சரிக்கை தேவைப்படும் சரக்கு.

மூன்றாவது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. ஈரம் பாதிக்குப் பாதி, சாம்பல் மிகக் குறைவு. அந்தச் சாம்பலில் சுண்ணாம்பின் பங்கு மற்ற இந்தியச் சாம்பல்களைவிடத் தெளிவாகக் கூடுதல். இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு சுழல் பாய்படுகைக் கொதிகலன்களோடு இயங்குகின்றன. 850 முதல் 900 டிகிரியில், சுண்ணாம்போடு சேர்த்து எரிக்கும் இந்த முறை கந்தகத்துக்காக வகுக்கப்பட்டது. இவ்வளவு மிதமான சூட்டில் சுண்ணாம்பு உருகி அடைபடாமல் இருப்பதால் ஆர்செனிக்கைப் பிடிக்கவும் இது தோதான சூழல். அதே காரணத்தால் ஆறு இணைதிறன் குரோமியத்தின்மீது தனிக் கண் வைக்க வேண்டிய சூழலும் இதுவே.

கழுவுதல், கலத்தல், கொட்டுதல்

நம் நாட்டு விதிகள் இதுவரை பெரும்பாலும் சாம்பலின் அளவையே பிடித்துத் தொங்கியிருக்கின்றன. சுரங்கத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் போகும் நிலக்கரியில் சாம்பல் 34 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்று 2014இல் வந்த அறிவிக்கை 2020 மே மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. விதி இருந்தபோதும், போனபோதும் விவாதம் கழுவும் செலவையும் ரயில் கட்டணத்தையும் சுற்றியே நடந்தது. கழுவினால் பைரைட்டோடு ஆர்செனிக்கும் பாதரசமும் ஓரளவு போகும். கூடவே ஈயத்தைப் பிடிக்கும் களிமண்ணும் போகும். லாபமா நட்டமா என்பது அந்தந்த நிலக்கரியைப் பொறுத்தது. 2015 டிசம்பர் விதிகள் பாதரசத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன. ஆர்செனிக்கும் செலீனியமும் அந்த வரம்புகளில் இல்லை. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கலம் கட்டாயமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கலங்கள் கந்தகத்தோடு ஆக்சிஜனேற்றிய பாதரசத்தையும் செலீனியத்தின் ஒரு பங்கையும் பிடிக்கக்கூடியவை என்பதையும் சேர்த்தே அந்த முடிவை எடைபோட வேண்டும்.

தமிழகத்தின் கடலோர நிலையங்களுக்கு ஒடிசா நிலக்கரி வருகிறது. அதோடு சாம்பல் குறைந்த இந்தோனேசிய நிலக்கரியும் கலக்கப்படுகிறது. வெப்பத்திறனையும் விலையையும் பார்த்துக் கலக்கிறார்கள். உண்மையில் அது களிமண்ணையும் சுண்ணாம்பையும் இரும்பையும் புதிய விகிதத்தில் சேர்க்கும் வேதியியல் முடிவும்தான்.

பிடிபட்ட நஞ்சு அத்தோடு தொலைந்துவிடுவதில்லை, இடம் மாறியிருக்கிறது. களிமண்ணுக்குள் போன ஈயம் சாம்பல் குளத்திலும் அசையாமல் கிடக்கும். சுண்ணாம்பில் சிக்கிய ஆர்செனிக், காற்றின் கரியமில வாயுவும் மழையும் சேர்ந்து அரித்தால் மெல்ல விடுபடும். காரத்தன்மையுள்ள சாம்பல் நீரில் குரோமேட்டும் செலீனியமும் தாராளமாகக் கரையும். வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் சாம்பல் குளத்து நீர் கலந்தபோது, செலீனியத்தால் 20 வகை மீன்களில் 19 வகை இனப்பெருக்கம் அற்று மறைந்தன. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அங்கே ஆற்றின் ஆழமும் மீன்பிடிப்பும் பேசப்பட்ட அளவுக்கு, எந்தக் கனிமச் சாம்பலிலிருந்து எந்தத் தனிமம் கசிகிறது என்பதும் பேசப்பட வேண்டும்.

செய்யக்கூடியவை

ஆய்வுகள் சுட்டும் நடைமுறைப் பாடங்கள் நான்கு. ஒன்று, நிலக்கரியின் தரச் சான்றில் சாம்பல், ஈரம், வெப்பத்திறனோடு சாம்பலின் கால்சியம், இரும்பு, அலுமினியம் பங்குகளும், ஆர்செனிக், செலீனியம், பாதரசம், குளோரின் அளவுகளும் இடம்பெற வேண்டும். இரண்டு, புதிய கலவையை உலைக்கு அனுப்பும் முன் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சோதனைச் செலவு ஒரு சரக்கு ரயில் நிலக்கரியின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. மூன்று, எங்கெல்லாம் சுண்ணாம்பு சேர்த்து எரிக்கிறார்களோ அங்கெல்லாம் சாம்பலின் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தவறாமல் அளக்க வேண்டும். நான்கு, சாம்பலைச் செங்கல்லுக்கோ பள்ளம் நிரப்பவோ கொடுக்கும் முன் மொத்த அளவை மட்டும் பார்க்காமல், நீரில் கசியும் அளவையும் பார்க்க வேண்டும்.

களிமண் நல்லது, சுண்ணாம்பு நல்லது என்று பொதுவாகத் தூவிவிட்டுப் போகும் வழி எதுவும் இங்கே இல்லை. எந்த நஞ்சு, எந்தக் கனிமம், எந்த வெப்பம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கும் நிலையமே தன் புகைக்கும் தன் சாம்பலுக்கும் பொறுப்பேற்க முடியும். அந்த மூன்றையும் அளக்கும் கருவிகளும் முறைகளும் கையில் இருக்கின்றன. அளந்தாக வேண்டும் என்று சொல்லும் விதிதான் இன்னும் வரவேண்டும்.